கேட் வரைக்கும் வந்த குரல்

குரல் இப்போது பள்ளிவாசல் தெருவில் வந்துகொண்டிருந்தது. சீனியம்மாள் ஊறப்போட்ட அரிசிக்குள் கையை விட்டபடி நின்றுவிட்டாள். முதலில் கொஞ்சம் நாதஸ்வரம், பிறகு கொட்டு, பிறகு அவர். வருகிறார் வருகிறார், உங்கள் இல்லம் தேடி, உங்கள் உள்ளம் நாடி, இதோ உங்கள் வீதிக்கு வந்துகொண்டிருக்கிறார். வந்துகொண்டிருப்பது யாரோ ஒரு வேட்பாளர், அது தெருவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் வருவதைச் சொல்கிற குரல் அவள் புருஷன் தவமணியுடையது, தவமணி செத்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இந்த ஊரில் எந்தக் கட்சிக் கூட்டமானாலும், எந்தக் கோவில் கொடையானாலும், யார் வீட்டுத் துக்கமானாலும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப்போனது அந்தத் தொண்டைதான். அவர் போனபோது அந்தச் சாவைச் சொல்வதற்கு வெளியூரிலிருந்து ஒரு தொண்டையைக் கூட்டிவர வேண்டியிருந்தது. பத்து நாளைக்கு முன் ஒரு காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் தெருமுனையில் இந்த நாதஸ்வரத்தைக் கேட்டாள், அப்புறம் அந்த ‘வருகிறார்’. பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அவளுக்குத் தெரியவில்லை. அவர் வந்துவிட்டார் என்று நினைத்தாள், நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடியது காலும் கையும்தான். அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். குரல் கிட்டத்தில் வந்தால் கிரைண்டரைப் போட்டுவிடுவது. மாவு விற்றுத்தான் பிழைப்பு, கிரைண்டர் பழசு, அது ஓடினால் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. ஆட்டி ஆட்டி இந்தப் பத்து நாளாகத் தெருவே புளித்த மாவில் தோசை தின்கிறது. என்ன சீனியக்கா, எலெக்சன் ஆஃபரா என்று கேட்கிறார்கள், சிரித்துவைக்கிறாள். இன்றைக்குக் கிரைண்டரைப் போட முடியாது. இன்றைக்கு வாசலில் நின்றாக வேண்டும், வருகிறவரிடம் மேம்பாலத்தைக் கேட்க வேண்டும் என்று தெரு அவளிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறது. சாயந்திரம் ஆறு மணியோடு பிரசாரம் ஓய்கிறதாம், அதற்கப்புறம் ஒரு மைக்கும் பேசக்கூடாதாம். அதை நினைத்தால் நிம்மதியாக இருக்க வேண்டும். நிம்மதியாகத்தான் இருக்கிறது என்று அரிசியை அலசிக்கொண்டே சொல்லிக்கொண்டாள்.

உங்கள் அன்பு வேட்பாளர் என்று தவமணி இழுத்து நிறுத்துவார். அங்கே ஒரு சின்ன ‘டிக்’. அப்புறம் கொழகொழவென்று யாரோ ஒருவன் குரல், கதிர்நிலவன். மறுபடி ‘டிக்’, மறுபடி தவமணி, அவர்கள். போன தேர்தலில் அந்த இடத்தில் மாசிலாமணி என்று இருந்தது. மாசிலாமணி இப்போது எதிர்க்கட்சிக்குப் போய் அங்கே நிற்கிறார், அவருக்கும் ஓர் ஆட்டோ ஓடுகிறது, அதிலும் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் என்றுதான் ஒரு பெண்பிள்ளை கத்திக்கொண்டு போகிறாள். இவர்கள் பழைய பென்டிரைவைத் தேடி எடுத்துப் பெயரை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வாக்குறுதியில் கைவைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போன தடவை சொன்னது, அதற்கு முந்தின தடவையும் சொன்னது, உப்புக்கண்டம் மாதிரி கெட்டுப்போகாத பண்டம். செத்தவர் வாயிலிருந்து வந்தாலும் இன்றைக்குக் காலையில் இறக்கின சரக்காகத்தான் இருக்கிறது. அந்த ‘டிக்’தான் அவளால் தாங்க முடியாதது. யாரோ அவர் வாயைப் பொத்திவிட்டுத் தன் வாயால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு கையை எடுக்கிற மாதிரி இருக்கிறது. பொத்தியிருக்கிற அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார். மூச்சு விடுவாரா. அவர் மூச்சு விட முடியாமல் இருந்ததை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள், அதைப் பற்றி நினைக்கக் கூடாது, அரிசி போதும், உளுந்தைக் கழுவ வேண்டும். குரல் பள்ளிவாசல் தெருவிலிருந்து திரும்பிவிட்டது. இனிக் கடைத்தெரு, அப்புறம் சுண்ணாம்புக்காரத் தெரு, அப்புறம் தண்ணீர்த்தொட்டித் தெரு, அது இவள் தெரு, ஊரின் இந்தப் பக்கத்துக்குக் கடைசித் தெரு, அதைத் தாண்டினால் ரயில்வே கேட். அவர் உயிரோடு இருக்கையில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியும் இதேதான். கடைத்தெருவில் ஒரு டீ, சுண்ணாம்புக்காரத் தெருவில் ஒரு வெற்றிலை. டீக்கடை முன்னால் ஆட்டோ கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிற மாதிரி அவளுக்குப் பட்டது.

இந்தக் குரலைப் பதிந்தது இந்த வீட்டில்தான், இதோ இந்தக் கட்டிலில்தான். பட்டப்பகல், பங்குனி வெயில், மின்விசிறி சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து போனில் பேசினார். ஸ்டுடியோவுக்குப் போனால் இதே வேலைதான், அங்கே ஏசி இருக்கும், நம்ம வீட்டுல கம்பளி இருக்கு என்றார். கம்பளிக்குள்ளிருந்து அந்தக் குரல் வருவதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். ஆள் தெரியவில்லை, கம்பளி மட்டும் ஆடியது, அதற்குள்ளிருந்து வருகிறார் வருகிறார். அப்போது சிரிப்பு வந்தது. இப்போது அந்தக் கம்பளியை அவள் பரணில் போட்டுவிட்டாள். மேம்பாலம் என்ற இடத்தில் அவர் குரல் ஒரு ஏற்றம் ஏறி இறங்கும், நிஜமாகவே ஒரு பாலத்தில் ஏறி இறங்குவது மாதிரி. நடுவில் வேர்வை துடைக்க வெளியே தலையை நீட்டினபோது கேட்டாள், ஏங்க, பாலம் வருமா. வருமா வராதான்னு எனக்கெதுக்குடி, சொல்றப்ப வந்த மாதிரி இருக்கணும், அம்புட்டுத்தான் நம்ம வேலை என்றார். அப்புறம் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, வந்தா நல்லாத்தான் இருக்கும் என்றார். அதைக் கம்பளிக்கு வெளியே சொன்னார், அதனால் அது பதியவில்லை. பதிந்தது வேறு. பேசி முடித்து ஓட்டளிப்பீர் என்று இழுத்து நிறுத்தி, போனை அணைப்பதற்குள், இவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டுவிட்டாள். ஏங்க, சோறு ஆறிப்போகுது. அவர் சொன்னார், இந்தா வந்துட்டேன். அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது. அப்போதே அவருக்குத் தெரியும். கடைசியில யாரு கேக்கப்போறா, கொட்டுச் சத்தத்துல அமுங்கிரும் என்று அப்படியே கொடுத்துவிட்டார். கட்சிக்காரர்கள் பெயரை மாற்றினார்களே தவிர, கடைசி வரைக்கும் கேட்டுப்பார்க்கவில்லை. அந்த ஆட்டோ தெருத் தெருவாக அவளுடைய குரலையும் கூட்டிக்கொண்டுதான் போகிறது. மற்றவர்களுக்கு அது ஏதோ கரகரப்பு. அவளுக்கு மட்டும் ஊரெல்லாம் தான் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதும், இந்தா வந்துட்டேன் என்று அவர் சொல்வதும், சொல்லிவிட்டு வராமல் மறுபடி நாதஸ்வரத்துக்குள் போய்விடுவதும்.

பென்டிரைவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாங்கி எங்கே வைப்பது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அது வராது, போகாது, தெரு திரும்பாது. அவளுக்கு அது வேண்டும் என்றும் இல்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான். மேம்பாலம் என்று அந்த வாய் சொல்வது நிற்க வேண்டும். ஏனென்றால் அந்த வாய் அடைத்துப்போனது கேட்டில். அன்றைக்கு, நெஞ்சைப் பிடிச்சு இழுக்குது சீனி என்று சொல்லி உட்கார்ந்தார், கூப்பிட்டவுடன் ஆட்டோ வந்தது, நல்ல நேரம் என்றுகூட நினைத்தாள், பெரியாஸ்பத்திரி இங்கிருந்து கூப்பிடு தூரம், கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி போனது, பெட்டி பெட்டியாகப் போனது, முடிந்ததென்று நினைத்தால் கேட்டைத் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் மதுரை வண்டி வருகிறதாம். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மாடியில் துணி காய்வது தெரிந்தது. ஆட்டோக்காரர் இறங்கி ஓடிக் கேட்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டார், அந்த மனுஷனும் பாவம், சிக்னல் விழுந்தப்புறம் நான் தூக்க முடியாதுய்யா என்று அழாத குறையாகச் சொன்னார். தவமணி அவள் மடியில் தலை வைத்தபடி கம்பிக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ மறந்ததை நினைவுபடுத்துகிறவர் மாதிரி பார்த்தார். வாய் அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள், சத்தம் வரவில்லை. ஊருக்கெல்லாம் கேட்ட வாய் பக்கத்தில் இருந்த காதுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்பதுதான் இரண்டு வருஷமாக அவளுக்குள் திரும்பத் திரும்ப வந்து இடறுகிற கல். தண்ணீர் கேட்டாரா. போய்ருவோம் என்றாரா. இப்போது இந்தப் பத்து நாளாக இன்னொரு சந்தேகம் சேர்ந்திருக்கிறது. அந்த வாய் அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருக்குமோ. பழகின வாய் பழகினதைத்தானே சொல்லும். மேம்பாலம், மேம்பாலம் என்று கேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போயிருப்பாரோ.

குரல் கடைத்தெருவை விட்டுக் கிளம்பியபோது ஜோதிமுத்து வந்தாள். ஜோதிமுத்து இந்தத் தெருவில் கட்சியின் மகளிர் அணி, ஆரத்தி எடுக்கிற பெண்களை வரிசையில் நிறுத்துவது அவள் பொறுப்பு. ஓடிவந்ததில் மூச்சிரைத்தது, கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் சூடம்.

“அக்கா, தட்டு ஒண்ணுக்கு ஆள் குறையுது. முருகவேணி வீட்டுக்குத் தூரமாம், இப்பத்தான் சொல்றா. நீ பிடிச்சுக்க.”

“நானா? நான் எப்படிடி ஆரத்தி எடுக்க?”

“அதெல்லாம் இன்னைக்கு யாரு பாக்குறாக்கா. வாரவருக்குத் தெரியவா போகுது? இத்தனை தட்டுன்னு மேல சொல்லியாச்சு. வரிசையில ஓட்டை விழுந்துச்சுன்னா என்னையத்தான் பிடிப்பாக.”

சொல்லிக்கொண்டே தன் பர்ஸிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்துச் சீனியம்மாள் நெற்றியில் ஒட்டிவிட்டாள். ஒட்டியது தெரியுமுன் ஒட்டிவிட்டாள். மாதவிலக்கானவள் தட்டைத் தொட்டால் தீட்டு, புருஷனில்லாதவள் பொட்டோடு தொட்டால் தீட்டில்லை என்று இந்தத் தேர்தல் அவசரம் ஒரு புது சாஸ்திரத்தை எழுதியிருந்தது. சீனியம்மாள் கையைத் தூக்கினாள், பிய்த்தெறியத்தான் தூக்கினாள், ஆனால் அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புக்காரத் தெருவில் குரல் திரும்பியது. இதோ வந்துகொண்டிருக்கிறார். கை பாதியில் நின்றது. புருஷன் வருகிற நேரத்தில் யாராவது பொட்டை அழிப்பார்களா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதற்காகவே பயந்தாள். தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ. நெற்றியில் அந்தச் சின்ன வட்டம் யாரோ விரலை வைத்து எடுக்காமல் நிற்பது போல இருந்தது.

“அந்தக் குரலை நிறுத்தச் சொல்றேன்னியே, ஜோதி.”

“சொன்னேன்கா. பாக்குறோம்னாக.”

“பாக்குறோம்னா?”

“பாக்குறோம்னா பாக்க மாட்டோம்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா,” என்றாள் ஜோதிமுத்து, அதில் கேலியும் இருந்தது, வெட்கமும் இருந்தது. “நீ இன்னைக்குப் பாலத்தைக் கேளுக்கா. நாங்க கேட்டா அது ஆயிரத்துல ஒண்ணு. நீ கேட்டா உறைக்கும். கேட்டுல போன மனுசன் பொண்டாட்டி கேக்குறா, எப்படி இல்லைம்பாக?”

“அவுக எப்ப இல்லைன்னிருக்காக?”

ஜோதிமுத்து சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். “எங்க மாமியா சொல்லும். பெருசாக் கேட்டா பெருசாத் தலையாட்டுவாக, அதோட சரி. சின்னதாக் கேட்டா, பக்கத்துல நிக்கிறவன்கிட்டச் சொல்லி அங்கனயே முடிச்சு விட்டாலும் விடுவாக. அது உன் இஷ்டம்கா. ஆனா தெரு பாலத்தைத்தான் எதிர்பார்க்குது.”

சீனியம்மாள் தட்டோடு வரிசையில் போய் நின்றாள். வெயில் இறங்கியிருந்தும் தார் சுட்டது. தார் புதுசு, போன வாரம் போட்டது, வேட்பாளர் வண்டி நிற்கிற இடம் வரைக்கும் போட்டுவிட்டு அதற்குமேல் கருங்கல்லைப் பரப்பி விட்டிருந்தார்கள். சாக்கடை ஓரமாக ப்ளீச்சிங் பவுடர் கோடு, கல்யாண வீட்டுக் கோலம் கணக்காக. காலையில் தண்ணீர் லாரி கேட்காமலே வந்து குடத்தை நிரப்பிவிட்டுப் போனது. ஓட்டுக்கு முந்தி எது வருகிறதோ அதுதான் வரவு, பிந்தி வருவதாகச் சொன்னது எல்லாம் காற்று, இது தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஒவ்வொரு தடவையும் தட்டோடு நிற்கிறோம் என்று சீனியம்மாள் நினைத்தாள். தட்டில் விழுகிற நோட்டுக்காக என்று சொல்வார்கள், அதுவும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது மட்டும் இல்லை. பெரிய மனுஷன் ஒருவன் நம் முன்னால் கழுத்தைக் குனிகிற நேரம் ஒன்று இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு ஒருக்கா, பொட்டு வைக்கிற நேரம் மட்டும். அப்போது என்ன சொன்னாலும் அவன் காதில் விழுந்தே ஆக வேண்டும். விழுந்த பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும், விழுந்தது விழுந்ததுதானே. அந்த நேரம் இன்றைக்கு அவளுடையது. அதில் எதைச் சொல்வது. பாலம் என்று சொன்னால் தெருவுக்கு நல்லது, வராது, ஆனால் நல்லது, நாளைக்கு இன்னொருத்தி மடியில் இன்னொரு தலை கேட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கக்கூடாது. குரலை நிறுத்துங்க என்று சொன்னால் அவர் திரும்பி ஆட்டோக்காரரைப் பார்த்து ஒரு கை காட்டினால் போதும், முடிந்துவிடும். கேட்டு உடனே கிடைக்கிற ஒரே காரியம் அதுதான். கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைத்ததும் தட்டு வழுக்கியது. கிடைத்துவிட்டால் அப்புறம்? தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது.

ஆட்டோ முன்னால் வந்தது, பின்னால் திறந்த ஜீப். ஆட்டோவின் கூரையில் இரண்டு குழல் ஒலிபெருக்கிகள், ஒன்று முன்னால் பார்த்தபடி, ஒன்று பக்கவாட்டில் வீடுகளைப் பார்த்தபடி. அந்தக் குழலின் உள்ளே கறுப்பாக இருந்தது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டு அதையே பார்த்தாள். இத்தனை கிட்டத்தில் கிரைண்டர் இல்லாமல் அவள் அதைக் கேட்டதே இல்லை. தூரத்தில் கேட்டபோது அது செத்தவருடைய குரலாக இருந்தது, கிட்டத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. எச்சிலை விழுங்குவது கேட்டது. வெற்றிலைக் காவி ஏறிய பல்லில் நாக்கு படுவதுகூடக் கேட்டது. மூச்சு இருக்கிறதே, மூச்சு இருக்கிறவரை எப்படி எரித்தார்கள், ஆற்றங்கரையில் எல்லாரும் நிற்கும்போது ஒருத்தருக்கும் இது தெரியவில்லையா. ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் என்று குரல் ஏறி இறங்கியது. ஆட்டோ அவள் வீட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றது. கூட்டம் அடைத்துக்கொண்டதால்தான் நின்றது, அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து ஒரு கால் இறங்கும் என்று பார்த்தாள், ரப்பர் செருப்பு போட்ட கால். இறங்கி வந்து நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு என்ன கேட்பார். பாலம் வந்துருச்சா சீனி என்று கேட்டால் என்ன சொல்வது. பின்சீட்டில் ஒரு பேட்டரியும் மடித்த கொடிகளும்தான் இருந்தன.

கதிர்நிலவன் ஜீப்பிலிருந்து இறங்கி வரிசையின் இந்த முனையிலிருந்து வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்காது, தொண்டை கட்டிப்போயிருந்தது, கண் சிவந்து தூக்கத்துக்கு ஏங்கியது, கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. முகங்களைப் பார்க்கவில்லை, முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு வந்தார். சீனியம்மாள் முன்னால் வந்ததும் பழகின கழுத்து தானாகக் குனிந்தது. அவள் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள், விரலால் சிவப்பைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். நெற்றி காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. இதுதான் அந்த நேரம். வாயைத் திறந்தாள்.

“கண்டிப்பாச் செஞ்சிருவோம்மா,” என்றார் அவர்.

அவள் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

“என்னத்தச் செய்வீக?” என்றாள் சீனியம்மாள். எதிர்த்துக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். பின்னால் நின்ற ஆள் காதோரம் குனிந்து, “மேம்பாலம்ணே,” என்றான்.

“மேம்பாலம்தானம்மா, நான் ஜெயிச்சு வந்ததும் மொத வேலை அதான்.” முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார், நெற்றிப் பொட்டைப் பார்த்தார், சிரித்தார். “வீட்டுக்காரரையும் மறக்காமப் போடச் சொல்லுங்கம்மா.”

வரிசையில் தட்டுப் பிடித்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஜோதிமுத்து தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அமைதிக்குள் ஒலிபெருக்கியில் ஓட்டளிப்பீர் என்று தவமணி இழுத்து முடித்தார், கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் தூரத்து அடுப்படியிலிருந்து ஒரு பெண்குரல், ஏங்க, சோறு ஆறிப்போகுது. அதற்கு அவர், இந்தா வந்துட்டேன். தெரு முழுக்க இன்றைக்குத்தான் அதைக் கேட்டது. முதலில் ஒருத்தருக்கும் புரியவில்லை, பிறகு ஒவ்வொரு முகமாகச் சீனியம்மாள் பக்கம் திரும்பியது.

“அவுக உங்க கூடத்தான் வாராக,” என்றாள் சீனியம்மாள்.

“அப்படியா? நம்ம ஆளா? ரொம்பச் சந்தோஷம்மா,” என்றார் கதிர்நிலவன், நிஜமான சந்தோஷத்தோடு. “எங்க நிக்கிறாரு?”

அவள் மோவாயால் ஆட்டோவைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, யாரென்று தெரியாமல், குழலைப் பார்த்துக் கும்பிட்டார். குனிந்து, நன்றாகவே கும்பிட்டார். பிறகு யாரோ தோளைத் தொட்டு நேரமாகிவிட்டது என்று சொல்ல, ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டில் கடைசிக் கூட்டம் பேச வேண்டும் என்று எல்லாரும் ஜீப்பில் ஏறினார்கள். ஆட்டோ முன்னால் நகர்ந்தது.

தட்டுகளைக் கவிழ்க்கத் தெருமுனைக்குப் போகிறவர்கள் போனார்கள். ஜோதிமுத்து மட்டும் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “அக்கா, நான் ஓடிப்போய் அந்த ஆட்டோக்காரர்கிட்டச் சொல்லி நிறுத்திறட்டுமா? யாரைக் கேக்கணும், நானே பிடுங்கிப் போட்டுர்றேன்.” பத்து நாளாகக் கேட்டது இதோ கைக்கு வந்துவிட்டது, தேர்தலுக்கு முந்தியே வந்துவிட்டது, ஓடினால் பிடித்துவிடலாம், ஆட்டோ இன்னும் கண்ணில் இருந்தது. “வேண்டாம்,” என்றாள் சீனியம்மாள். தன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “போகட்டும். இன்னும் கொஞ்ச நேரந்தான.” அப்போது கேட்டில் மணி அடித்தது. ஜோதிமுத்து தலையிலடித்துக்கொண்டாள். ஜீப்பும் ஆட்டோவும் கொடி பிடித்த பைக்குகளும் போய்க் கேட்டடியில் அடைந்து நின்றதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. ஏதோ கூட்ஸ் வண்டி. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரலாம், யார் கண்டது. வேட்பாளர் ஜீப்பின் மேல் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். சாத்திய கேட்டைப் பார்த்தபடி ஒலிபெருக்கி மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது, ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம், ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம். சீனியம்மாள் கேட்டையே பார்த்தாள். அன்றைக்கு வாய் அசைந்த அதே இடத்தில், அதே கம்பியைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்குச் சத்தம் வந்துவிட்டது. இதைத்தான் சொன்னீகளா, இதையாங்க சொன்னீக என்று கேட்டுக்கொண்டே தட்டின் சிவப்புத் தண்ணீரைச் சாக்கடையோரம் கவிழ்த்தாள். ப்ளீச்சிங் பவுடர் கோட்டில் அது ஊறி ஓடியது.

உள்ளே வந்தாள். வீடு இருட்டத் தொடங்கியிருந்தது. அரிசியும் உளுந்தும் ஊறிப்போய்க் கிடந்தன, இப்போது போட்டால்தான் காலைக்கு மாவு ஆகும். கிரைண்டரில் அரிசியை அள்ளிப் போட்டாள், தண்ணீர் விட்டாள், ஸ்விட்சில் கையை வைத்தாள். கேட்டிலிருந்து நாதஸ்வரம் முடிந்து அவர் ஆரம்பித்தார். வருகிறார் வருகிறார். மூச்சை இழுப்பது இங்கே கேட்காது, ஆனால் எந்த இடத்தில் இழுப்பார் என்று இப்போது அவளுக்குத் தெரியும், அந்த இடங்களில் அவளும் இழுத்தாள். அன்பு வேட்பாளர், டிக், யாரோ, டிக், அவர்கள். பாலத்தில் ஏறினார், இறங்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஆறாகியிருக்காது, ஆகியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், தேர்தல் ஆபீசர்கள் ஜீப் பின்னாலேயேதான் வருகிறது, கண்டிப்பானவர்களாம். பொட்டு நெற்றியில் இருந்தது. அதை எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. இந்த ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டுவிடலாம், இந்தா வந்துட்டேன் என்று அவர் சொன்னதும், ஆறினாப் பரவாயில்லைங்க, மெதுவா வாங்க என்று பதில் சொல்லிவிட்டுப் போட்டுவிடலாம், அன்றைக்கு ஏன் அப்படிச் சள்ளென்று கூப்பிட்டாளோ. ஓட்டளிப்பீர் என்று குரல் நீண்டு நின்றது. கரகரத்தது. தூரத்தில், கேட்டடியில், அவளே கூப்பிட்டாள், ஏங்க, சோறு ஆறிப்போகுது.

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. நாதஸ்வரமும் வரவில்லை. கூட்ஸ் வண்டி தடதடவென்று போகிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் போய் முடிந்தது, கேட்டைத் திறந்தார்கள், பைக்குகள் கிளம்பிப் போயின. சீனியம்மாள் ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அரிசி வெகுநேரம் கிரைண்டருக்குள் அப்படியே கிடந்தது.